கடைசி இலையில் உட்கார்ந்தவர்

எனக்கு வயது எழுபத்தெட்டு. வளர்த்தது ஆறு பிள்ளைகள். பெற்றது ஐந்து, ஆறாவது, செத்துப்போன என் தங்கையின் மகள். ஆறில் ஒன்றையும் நான் ஒருவர் வாசலில் கையேந்த விட்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

போன மாதம் மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து, ஒரு கல்லூரியின் முத்திரை போட்ட கடிதம் வந்தது. சண்டை ஏன் வருகிறது, சமாதானம் எப்படி உண்டாகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் படிப்பு ஒன்று அங்கே நடக்கிறது. அதை அங்கே ஆரம்பித்து வைத்தவர் கடல் தாண்டி வந்து சில காலம் தங்கிப்போன ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர். அவர் தன் ஊரில் இறந்துவிட்டார். அவர் செய்த தொண்டைப் பற்றி நினைவு மலர் போடுகிறார்களாம். அவருக்குச் சோறாக்கிப் போட்டவள் என்பதால் நானும் நான்கு பக்கம் எழுத வேண்டுமாம். "தங்கள் இனிய நினைவுகளை" என்று கேட்டிருந்தார்கள். அந்த "இனிய" என்கிற சொல்லை இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்.

எனக்கு வேகமாக எழுத வராது. ஒரு நாளைக்கு அரைப்பக்கம் வந்தால் அதிகம். அவசரம் அவர்களுக்குத்தான், எனக்கில்லை.

எமர்ஜென்சி முடிந்து இரண்டு மழை போயிருக்கும். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போனார். ஜமுனாமரத்தூர் வரைக்கும் கட்டிலில் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. கடைக்குட்டி அப்போது இடுப்பில் இருந்தது.

எங்களுக்குக் கொஞ்சம் சாமைக் காடும், ஓடையோரம் ஐந்து புளியமரமும் இருந்தன. மாமனார் உயிரோடு இருக்கும்போதே மேட்டு நிலத்தை இளைய மகனுக்கும், ஓடையோரத்தை மரங்களோடு என் வீட்டுக்காரருக்கும் என்று வாயால் சொல்லிப் பிரித்துக் கொடுத்தார். எங்கள் மலையில் அந்தக் காலத்தில் வாய்தான் பத்திரம். சாமை ஆறு மாதத்துக்கு வரும். மீதி ஆறு மாதத்துக்குப் புளிதான் எங்களுக்குச் சோறு. செங்கம் சந்தைக்கு இறங்கும் புளிக்கூடைதான் கேழ்வரகாகவும் உப்பாகவும் துணியாகவும் மலையேறி வரும்.

கருமாதி முடிந்த கையோடு கொழுந்தன் வந்தான்.

"அண்ணி, மரத்த நான் பாத்துக்கிறேன். பொம்பளைக்கு இன்னாத்துக்கு மரம்? ஏறி உலுக்கப் போறியா?"

"ஏறுவேன். நீ கீழ நின்னு பாரு."

அவன் சிரிக்கவில்லை. அவன் பெண்டாட்டி, என் ஓரகத்தி, ஓடையில் துணி துவைக்கும் இடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்: "இன்னாக்கா, பூட்ட புருசனுக்குப் பதிலா மரத்துங்கிட்டத் தாலி வாங்கிக்கினியா?"

"ஆமாண்டி. மரம்னா சொன்ன சொல்லு மாறாது."

இரண்டு மாதம் இப்படியே இழுத்தது. கடைசியில் ஊர்க்கவுண்டர் தை மாதம், சாமை அறுத்துக் களம் ஓய்ந்ததும், பஞ்சாயத்து வைத்துவிடலாம் என்றார். எங்கள் ஊருக்குத் தலைவர் அவர்தான். கெட்டவர் இல்லை; ஆனால் எந்தப் பக்கம் ஆட்கள் அதிகமோ அந்தப் பக்கம் அவர் நியாயமும் கொஞ்சம் சாய்ந்து நிற்கும்.

அந்தச் சமயத்தில்தான், மலைப் பஞ்சாயத்து எப்படி நடக்கிறது என்று பார்க்க, வெள்ளைக்காரர் வந்தார். கூடவே கல்லூரியிலிருந்து ஒரு வாத்தியார், பேச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிச் சொல்ல. அந்த வாத்தியார் மலையடிவாரத்துப் பிள்ளைதான், நம்ம பேச்சுதான். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். பள்ளிக்குப் பக்கத்து வீடு என்னுடையது என்பதால் சமையல் என் தலையில் விழுந்தது. நான் அதைப் பாரமாக நினைக்கவில்லை. பத்து நாளும் அவர் என் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாமைச்சோற்றைப் பாதி வாயிலும் பாதி சட்டையிலும் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். தண்ணீர் குடித்த சொம்பைத் தானே கழுவினார். அவருடைய ஊர்ச் சண்டையில் அவர் தம்பி செத்துப்போனானாம், அதற்குப் பிறகுதான் இந்தப் படிப்பில் இறங்கினாராம். வாத்தியார் சொன்னார். என் கடைக்குட்டி அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியபோது கையைத் தட்டிவிடாமல் தலையைக் குனிந்து கொடுத்தார்.

நல்ல மனிதர்தான். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கசந்திருக்காது.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெண்கள் அங்கே பேசக்கூடாது. அவளுக்காக அப்பனோ அண்ணன் தம்பியோ பேசுவான். எனக்கு அப்பன் இல்லை, உடன்பிறந்தவனும் இல்லை. ஆனால் வாய் இல்லாதவளுக்குக் கை ஒன்று விட்டு வைத்திருந்தார்கள். தீர்ப்பு சொன்ன பிறகு எல்லோரும் ஒரே வரிசையில் உட்காருவார்கள். தோற்ற வீட்டுப் பெண்தான் சமைத்து, தன் கையால் பரிமாற வேண்டும். ஜெயித்தவன் இலை வரிசையின் கடைசியில் இருக்கும். அவன் இலையில் அவள் சோறு வைத்துவிட்டால் தீர்ப்பை ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வாய் திறக்க முடியாது. மனது ஒப்பவில்லை என்றால் அவன் இலை முன்னால் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிடலாம். அப்போது வழக்கு பல ஊர்க்காரர்கள் கூடும் பெரிய பஞ்சாயத்துக்குப் போகும். அங்கே என் மாமனார் சொன்னதைக் கேட்டவர்கள் வேறு ஊர்களில் உயிரோடு இருந்தார்கள்.

தீர்ப்பு என்னவாக இருக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். நான் சட்டியைக் கவிழ்ப்பதென்று முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. முன்கூட்டிச் சொன்னால் ஊரை அவமானப்படுத்தவே சமைத்தாள் என்று ஆகிவிடும். வெள்ளைக்காரரிடமும் சொல்லவில்லை. வாத்தியாருக்குச் சோறு போடுகிற வழக்கம் மட்டும் தெரிந்திருந்தது. கவிழ்க்கிற வழக்கம் தெரியாது. அது அடிக்கடி நடப்பதில்லை.

காலையில் கோயில் முன்னால் கூடினார்கள். வெள்ளைக்காரர் மடியில் நோட்டு வைத்து எழுதிக்கொண்டிருந்தார். தீர்ப்பு நான் நினைத்தபடியே வந்தது. மரம் ஐந்தும் கொழுந்தனுக்கு. எனக்கு வருடத்துக்கு ஒரு கூடை புளி, குழம்புக்கு.

இலை போட்டார்கள். முதல் இலையில் ஊர்க்கவுண்டர். இரண்டாவது இலையில் விருந்தாளி. பிறகு பெரியவர்கள், வாத்தியார். கடைசியில் கொழுந்தன். நான் சாமைச்சோற்றுச் சட்டியை இடுப்பில் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அப்போது வெள்ளைக்காரர் எழுந்தார். தன் இலையைக் கையில் எடுத்துக்கொண்டார். வரிசை முழுவதும் நடந்துபோய், கொழுந்தனையும் தாண்டி, அவனுக்கு அந்தப் பக்கம் இலையை வைத்து உட்கார்ந்தார். வாத்தியார் என்னவென்று கேட்டார். அவர் சொன்னதை வாத்தியார் எல்லோருக்கும் சொன்னார்:

"இத்தினி நாளா இந்த அம்மா வூட்லயே சாப்ட்டாராம். அவங்க கட்சின்னு யாரும் நெனச்சிடக் கூடாதாம். அதான் அந்தப் பக்கம் ஒக்கார்றாராம்."

"ஆகா, இன்னா மனுசன்!" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஊர்க்கவுண்டர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. குனிந்து தன் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டார்.

படிக்கிறவர்களுக்கு விளங்கச் சொல்கிறேன். எங்கள் பந்தியில் ஓர் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போகக்கூடாது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் பரிமாறுவது இழவு வீட்டில் மட்டும். கொழுந்தன் இலையில் வைக்காமல் விருந்தாளி இலைக்கு நான் போக வழியில்லை. சட்டியைக் கவிழ்த்தால் என் வீட்டு விருந்தாளி, பத்து நாள் என் கையால் தின்றவர், ஊர் பார்க்க வெற்று இலை முன்னால் உட்கார்ந்திருப்பார். என் வாசலுக்கு வந்தவர் யாரும் வெற்று இலையோடு எழுந்ததில்லை. என் மாமியார் காலத்திலும் இல்லை, என் காலத்திலும் இல்லை.

வரிசையாக வைத்துக்கொண்டே வந்தேன். கொழுந்தன் இலைக்கு முன்னால் நின்றுவிட்டேன். அவன் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தான். பிறகு மெதுவாக, எனக்கும் பக்கத்திலிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான்:

"போடு அண்ணி. விருந்தாளி பசில காஞ்சினு கீறாரு."

வெள்ளைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கொழுந்தன் இலையில் சோற்றை வைத்தேன். அதற்குள் அவர் காமிராவை எடுத்து, சோறு வைத்த என் கையைப் படம் எடுத்துக்கொண்டார். அடுத்து அவர் இலையில் வைத்தேன்.

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த இடத்தை நினைத்து என்னை நானே எத்தனையோ தடவை திட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு வேளைச் சோறு தள்ளிப்போனால் அவர் செத்திருக்க மாட்டார். ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று மதியமே அவர்கள் ஜீப்பில் இறங்கிவிட்டார்கள். நான் ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனேன். உள்ளே போகவில்லை. வாசலில் நின்றேன்.

"உங்களுக்குத் தெரியும்ங்க, அந்தச் சோறு யாருக்குப் போட்டதுன்னு."

"தெரியும்மா. ஊருக்குத் தெரியாதே. போட்டது போட்டதுதான்."

"அப்ப அவ்ளோதானா?"

தாடையைத் தடவினார். "ஒண்ணு பண்ணலாம். அந்த வெள்ளைக்காரரே ஊர் முன்னாடி வந்து, எனக்காவத்தான் அவ போட்டான்னு ஒரு வார்த்த சொல்லட்டும். இல்ல, கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். மறுபடி ஒக்காரலாம். ஆனா புளி உலுக்கறதுக்குள்ள. மரத்துல கை வெச்சிட்டா அப்புறம் பேச்சு இல்ல."

மாசி பாதி போகும்போது வாத்தியார் வந்தார். நானே கீழே இறங்கித் தேடலாமா என்று இருந்த சமயம். "அம்மா, உங்க கதையத்தான் சார் காலேஜ்ல பேசறாரு. புதுசா ஒரு படிப்பு ஆரம்பிக்கிறாங்க. உங்கள மேடையில ஒக்கார வெக்கணும்னு அவருக்கு ஆசை" என்றார். எனக்குச் சாமி வாசலுக்கு வந்த மாதிரி இருந்தது. புளி ஓடு காய்ந்து கலகலக்க ஆரம்பித்திருந்தது. கடைக்குட்டியை மூத்தவளிடம் விட்டுவிட்டு ஜீப்பில் ஏறினேன். வழியெல்லாம் வாத்தியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மண்டபம் நிறையப் பிள்ளைகள். மேடையில் எனக்கும் ஒரு நாற்காலி. திரையில் படம் காட்டினார்கள். என் கை, சட்டி, கொழுந்தன் இலை. என் முகம் அதில் இல்லை. வெள்ளைக்காரர் நீளமாகப் பேசினார். வாத்தியார் தமிழில் சொன்னார். உலகத்தில் அண்ணன் தம்பிகள் துப்பாக்கி எடுக்கிறார்கள். இந்த மலையில் தோற்றவள் ஜெயித்தவனுக்குச் சோறு போடுகிறாள். ஒரு கைச்சோற்றில் பகை முடிந்துவிடுகிறது. இதை உலகம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். பேசும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை.

பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்தேன். பஞ்சாயத்தில் பேசாத வாய் அங்கே பேசியது. நான் கூச்சப்படவில்லை.

"அய்யா, அந்தச் சோறு என் கொழுந்தனுக்குப் போட்டதில்ல. உங்களுக்குப் போட்டது. நீங்க எழுந்து அந்தப் பக்கம் போயி ஒக்காந்தீங்க. இல்லன்னா நான் சட்டியக் கவுத்திருப்பேன். எனக்கு மனசு ஒப்பல. அஞ்சு மரமும் என் புள்ளைங்க சோறு. நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுத்தா மறுபடி பஞ்சாயத்து ஒக்காரும். எழுதிக் குடுங்க. அதுக்குத்தான் வந்தேன். மால போட்டுக்க வரல."

முன்வரிசையில் ஒரு பெண் பிள்ளை வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தமிழ் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான். அவர் வாத்தியாரைப் பார்த்தார்.

நான் அவ்வளவு பேசினேன். வாத்தியார் இரண்டே வரி சொன்னார்.

வெள்ளைக்காரர் எழுந்து என்னை நோக்கிக் கைகூப்பினார். பிறகு கைதட்டினார். மேடையிலிருந்த பெரியவர்கள் கைதட்டினார்கள். உடனே மண்டபம் முழுவதும் தட்டியது. நான் சொன்னதைக் காதால் கேட்டவர்கள்தான் தட்டினார்கள். வாயைப் பொத்திய பெண்ணும் தட்டினாள். மரம் போனதைக்கூட நான் எங்கேயாவது வைத்துக்கொள்வேன். அந்தக் கைதட்டலை எங்கே வைப்பதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இறங்கியதும் வாத்தியாரைப் பிடித்தேன். "நான் சொன்னத சொன்னியா நீ?"

"சபைன்னு ஒண்ணு கீதும்மா. அவரு பெரிய மனுசன். மேடையில வெச்சி, நீ கெடுத்தேன்னு எப்பிடிச் சொல்றது? எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆவல. சாப்பாட்டப்போ பக்குவமா சொல்றேன்."

"இன்னா சொன்ன?"

"வந்ததுல சந்தோசம்னு சொன்னேன்."

சாப்பாட்டு அறையில் அவருக்கு எதிரே உட்கார வைத்தார்கள். வாத்தியார் வேறு யாருடனோ பேசிக்கொண்டே இருந்தார். நான் காத்திருந்து பார்த்தேன். பிறகு காலித் தட்டுகள் மூன்றை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தேன். முதல் தட்டைத் தொட்டு அவர் மார்பைக் காட்டினேன். அதைத் தூக்கி மற்ற இரண்டையும் தாண்டிக் கடைசியில் வைத்தேன். நடுத்தட்டைத் தொட்டு, குடிக்கிற டம்ளரை அதன் முன்னால் கவிழ்க்கப் போய், கவிழ்க்காமல் நிறுத்தினேன். கடைசித் தட்டைக் காட்டினேன். அவரைக் காட்டினேன்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் மாறியது. படித்தவர் அல்லவா, ஏதோ தட்டுப்பட்டுவிட்டது. வாத்தியாரைக் கூப்பிட்டுக் கூர்மையாக ஏதோ கேட்டார். வாத்தியார் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அவர் மறுபடி தட்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு முகம் பழையபடி ஆனது. நோட்டை எடுத்து அந்த மூன்று தட்டையும் வரைந்துகொண்டார்.

ஒரு தடவை கேட்டார். இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மேடையில் பேசியதெல்லாம் கலைந்துபோகும் என்று அவருக்கும் தெரிந்திருக்கலாம். தெரியாமலும் இருந்திருக்கலாம். அந்த வழக்கை இனிமேல் யாரும் தீர்க்க முடியாது.

பங்குனி பிறந்ததும் கொழுந்தன் மரம் ஏறினான். நானும் பிள்ளைகளும் வாசலில் உட்கார்ந்து, கிளை உலுங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மூத்தவள் காதைப் பொத்திக்கொண்டு, "எப்பம்மா முடியும்?" என்று கேட்டாள். ஒரு கூடை புளி வாசலுக்கு வந்தது. அதை அப்படியே திருப்பி அனுப்பினேன். ஓரகத்தி, "பசிக்கிறப்ப ரோசத்தத் தின்னுவியா?" என்று கேட்டனுப்பினாள். தின்றோம். கடுக்காய் பொறுக்கினோம், கல் உடைத்தோம், செங்கம் பக்கம் வேர்க்கடலை பிடுங்கப் போனோம். மூத்தவளின் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது அந்த வருடம்தான்.

சில வருடம் கழித்து அவர் எழுதிய புத்தகம் மலைக்கு வந்தது. ஊர்க்கவுண்டருக்கு ஒன்று, கொழுந்தனுக்கு ஒன்று. எனக்கு அனுப்பவில்லை, எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு எதற்கென்று நினைத்திருப்பார்கள். மரத்தைக் கேட்டு நான் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தபோது கொழுந்தன் அதை எடுத்துக்கொண்டு வந்தான். படம் இருக்கும் பக்கத்தைப் பிரித்து அதிகாரி முன்னால் வைத்தான்.

"பாருங்க சார். அவங்க கைதான். மனசாரப் போட்டாங்கன்னு வெள்ளக்காரரே பொஸ்தகத்துல போட்டுக்கீறாரு."

அதிகாரி ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்துப் பார்த்தார். "நீயே சம்மதிச்சிருக்கியேம்மா" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார். மாமனாரின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. என் வாய்ச்சொல்லுக்கும் மதிப்பில்லை. அச்சில் வந்ததுதான் சொல்.

அதற்குப் பிறகுதான் முதியோர் பள்ளியில் போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன்.

அவர் செய்த தொண்டைக் கேட்டீர்கள். கல்லூரிக்கு ஒரு படிப்பைக் கொடுத்தார், கொழுந்தனுக்கு ஒரு பத்திரத்தைக் கொடுத்தார். எங்கள் மலையில் அதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் சட்டியைக் கவிழ்க்கவில்லை. கவிழ்ப்பதென்று ஒரு வழக்கம் இருந்ததையே இளசுகள் நம்புவதில்லை. புத்தகத்தில் அது இல்லையே என்கிறார்கள். ஆகவே இதில் எழுதி வைக்கிறேன்: கவிழ்க்கலாம். எனக்கு மனது ஒப்பவில்லை. அன்றைக்கும் ஒப்பவில்லை, இன்றைக்கும் ஒப்பவில்லை.

மலரில் போடுவதென்றால் முழுசாகப் போடுங்கள். சுருக்கித்தான் போடுவோம் என்றால் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

என் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதி முடித்த பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நெற்றியைச் சுருக்குகிறாள்.

"ஆயா, செத்துப் போனவரு. கொஞ்சம் நல்லதா ஏதாவது சேத்துக்கலாமா?"

"நல்ல மனுசன்னு எழுதிக்கீறனே, பாக்கலியா? ஒண்ணும் சேக்க வேணாம், ஒண்ணும் எடுக்க வேணாம். மொதல்லேர்ந்து படி. சத்தமா படி கண்ணு, நான் சொன்னதுதான் இருக்குதான்னு கேக்கிறேன்."